நானூத்திப் பன்னெண்டு உடம்பு வலி

நல்லாச் சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி, திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. சங்கரன்கோவில்ல ஏறுனதுல இருந்து பாக்கேன், நீங்க வாயே தொறக்கல. பரவால்ல, நான் பேசுதேன். எனக்குப் பேசாம வந்தா வயித்துல காத்து அடைச்ச மாதிரி ஆயிரும்.

கையில என்ன கவருன்னு கேக்கமாட்டியளா? கேக்காட்டாலும் சொல்லுதேன். மனு. சுகாதாரத் துறைத் துணை இயக்குநரை நேர்ல பாத்துக் குடுக்கப் போறேன். என் சன்னலை எனக்கே திருப்பிக் குடுங்கன்னு எழுதியிருக்கேன். வேற ஒண்ணும் கேக்கல, அந்தச் சன்னல் ஒண்ணுதான் கேக்கேன். நீங்க எங்க ஊர்க்காரரும் இல்ல, எங்க டிபார்ட்மென்ட்டும் இல்ல. பூராத்தையும் கேட்டுட்டு, மாடக்கண்ணு பேர்ல தப்பு இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. மாடக்கண்ணுங்கது நான்தான்.

கீழப்பனையூர் ஆரம்ப சுகாதார நிலையம். பதினோரு வருசமா அங்கன ஓ.பி. சீட்டுப் போடுத ஆளு நான். கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் கம்ப்யூட்டரும், அந்தப் பக்கம் ஜனம். பேரென்ன, வயசென்ன, எந்த ஊரு, என்ன செய்யுது. கேப்பேன், தட்டுவேன், சீட்டு வந்துரும். எட்டு மணிக்கு உக்காந்தா பன்னெண்டுக்குள்ள நூத்தம்பது பேரை அனுப்பிருவேன். ஜில்லாவுலேயே அந்த வேகம் எவன்ட்டயும் கிடையாது. குடியரசு தினத்தன்னைக்குப் பாராட்டுச் சான்று குடுத்தாவ, கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன்.

அந்த வேகம் எப்படி வந்துச்சுங்கிய? அதுலதான் மூளை இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு சீக்குக்கும் ஒரு நம்பர் உண்டு. உலகம் பூரா அதே நம்பர்தானாம். அமெரிக்காக்காரனுக்குத் தலை வலிச்சாலும் ஆலங்குளத்துக்காரனுக்குத் தலை வலிச்சாலும் ஒரே நம்பர். சரி, அமெரிக்காக்காரன் வந்து ஒழுங்காச் சொல்லுவான் போல. எங்க ஜனம் சொல்லுமா? ஒருத்தி குடைச்சல்ங்கா. ஒருத்தி உளைச்சல்ங்கா. ஒருத்தன் கடுக்குதுங்கான். குத்துது, இழுக்குது, காந்துது, மரத்துப் போவுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி. இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எங்கன போய்த் தேட? எந்த இடத்துலம்மா வலிக்குன்னு கேட்டா, எங்க வலிக்கலன்னு கேளுய்யாங்கும். அதுக்குன்னே ஒரு புண்ணியவான் ஒரு நம்பர் வச்சிருக்கான் அண்ணாச்சி. ஆர் ஐம்பத்திரண்டு. இடம் குறிப்பிடாத வலி. எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும். ஒரே தட்டு, சோலி முடிஞ்சுது.

இன்னொண்ணும் செஞ்சேன். உடம்பு வலிச் சீட்டு எல்லாத்துலயும் மூலையில சிவப்பு மையில ஒரு டிக் போட்டுருவேன். சிவப்பு டிக் இருந்தா டாக்டரைப் பாக்க வேண்டாம், நேரா மருந்துச் சன்னலுக்குப் போயிரலாம். மூணு வெள்ளை மாத்திரை, ரெண்டு மஞ்ச மாத்திரை, ஒரு தைலம். டாக்டர் மத்தியானம் மொத்தமாக் கையெழுத்துப் போட்டுருவாரு. அந்தப் பழைய டாக்டர் ரிட்டயர் ஆகுத அன்னைக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டு, மாடக்கண்ணு, நீ இல்லன்னா நான் எப்பவோ செத்திருப்பேம்லன்னாரு. நான் பீத்திக்கிடல, நடந்ததைச் சொல்லுதேன்.

செவ்வாக்கிழமை வந்து பாக்கணும் நீங்க. செவ்வாக்கிழமை மாசமா இருக்க பிள்ளைகளுக்குச் செக்கப்பு. ஒரு பிள்ளை தனியாவா வரும்? மாமியா வரும், ஆத்தா வரும், நாத்தனா வரும், பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கமாட்டாம அவளும் வருவா. வந்தவளுவ செக்கப்பு முடியுத வரைக்கும் என்ன செய்வாளுவ? வந்தது வந்தோம், நமக்கும் ஒரு சீட்டுப் போடுய்யான்னு வந்து நிப்பாளுவ. என்ன செய்யுதும்மா? உடம்பு வலிதான்யா, போடு. போட்டுருவேன். தேடி வந்தவளை வெறுங்கையோட அனுப்புனா நல்லாவா இருக்கும்? கல்யாண வீட்டுக்குத் துணைக்கு வந்தவளுக்கு இலை போடாமயா விடுதோம்?

போன ஐப்பசியில வந்துச்சு வினை. நல்ல மழை. செக்கப்புக்கு வார பிள்ளைகளும் அந்த மாசம் கூடுதல், துணைக்கு வந்தவளுவளும் கூடுதல். ஜில்லா ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, எந்த ஊர்ல என்ன சீக்கு எத்தனை பேருக்குன்னு அதுவாக் கணக்குப் பாக்கும் போல. கீழப்பனையூர்ல ஒரே மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பேருக்கு உடம்பு வலின்னு அது சிவப்பு லைட்டைப் போட்டுட்டு. என்னமோ புது விசக் காய்ச்சல் கிளம்பிட்டுன்னு அங்க பயந்துட்டாவ. ஒரு புதன்கிழமை காலையில மூணு ஜீப்பு வந்து நின்னுச்சு.

அன்னைக்கு ஊரு பட்ட பாடு இருக்கே! ஒருத்தன் பொகை மிஷினைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் பொகை போடுதான். கோழியெல்லாம் கூரை மேல ஏறிட்டு. இன்னும் பத்துப் பேரு வீடு வீடாப் போயி, கொசுப்புழு இருக்குன்னு தொட்டித் தண்ணியைக் கவுத்து ஊத்துதான். எங்க ஊர்ல குழாத்தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்க வரும் அண்ணாச்சி. பொம்பளைங்க வெளக்கமாத்தோட வந்துட்டாளுவ. ரத்தம் எடுக்க ஊசியோட ஒரு பொண்ணு வந்துச்சு, அதைப் பாத்துட்டு எங்க பஞ்சாயத்துத் தலைவர் பின்வாசல் வழியா எறங்கித் தோட்டத்துக்குப் போனவர்தான், சாயங்காலம் வரைக்கும் வரல. ஒரு வாரத்துல ரத்தம் பூரா சுத்தம்னு ரிசல்ட்டு வந்துட்டு. ஒரு கிருமி இல்ல. பொறவு யாரு மேல பாய்வான்? எனக்கு மெமோ. நானூத்திப் பன்னெண்டு பேருக்கு எந்த ஆதாரத்துல இந்த நம்பர் போட்டாய், மூணு நாளைக்குள்ள விளக்கம் தரவும், தவறினால் ஒப்பந்தம் ரத்து.

நான் ஒப்பந்த ஆளுதான் அண்ணாச்சி. வருசா வருசம் புதுப்பிப்பாவ. ரத்துன்னு படிச்ச உடனே, பொய் சொல்லல, உக்காந்து அழுதேன். அந்தச் சன்னல் இல்லன்னா நான் யாரு? ஊர்ல ரெண்டாயிரம் பேரு பேரும் வயசும் எனக்கு மனப்பாடம். என்னைத் தாண்டி ஒரு காய்ச்சல் உள்ள போக முடியாது.

அப்பம் புது டாக்டர், லிடியா டாக்டர், வந்து ஒன்பது நாள்தான் ஆயிருக்கு. நாகர்கோவில் பக்கம், சின்ன வயசு. நான் மெமோவைக் கொண்டு போய்க் காட்டுனேன். படிச்சிட்டு, சீட்டுல போடுத இந்தச் சிவப்பு டிக் என்னதுன்னு கேட்டாவ. பெருமையாச் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் தொறந்தாவ. பொறவு, இனிமே டிக் போடாண்டாம்னாவ. அவ்வளவுதான் சொன்னாவ.

ஆனா எனக்கு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க. நான் என்ன என் வீட்டுல இருந்தா வலி எடுத்துக் குடுத்தேன்? அவங்க சொன்னாவ, நான் எழுதுனேன். அந்த நானூத்திப் பன்னெண்டு பேர்ட்டயும் கையெழுத்து வாங்கிருவோம். 'மேற்படி தேதியில் எனக்கு உடம்பு வலி என்று நானே என் வாயால் சொன்னேன்.' ஜெராக்ஸ் போட்டு எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். டாக்டரம்மா, தனியாப் போகாதீங்க, சண்முகத்தாயைக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னாவ. சண்முகத்தாய் எங்க கிராம நர்ஸு. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். அக்கா ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாவ.

வீடு வீடாப் போனோம். சிரிச்சு மாளல அண்ணாச்சி. ஒரு வீட்டுல, எனக்கு என்னய்யா வலி, மருமகளுக்குத் துணைக்குல்லா வந்தேன், அந்தத் தைலத்தைப் பசுமாட்டுக் காலுக்குல்லா தடவுனேன்னு ஒரு அம்மா. இன்னொருத்தர், வீட்ல இருந்தா சண்டை, உங்க ஆஸ்பத்திரில ஃபேனு ஓடுது, அதான் வாரேன்னாரு. எது எப்படியோ, கையெழுத்துப் போட்டாவ. எம்மேல அத்தனை பிரியம். மாடக்கண்ணு வேலைக்கு ஆபத்துன்னதும் பீடிக் கடையில பீடி சுத்திக்கிட்டு இருந்த பொம்பளைங்க தட்டைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு வந்து போட்டாளுவ. நான் கையெழுத்து வாங்குவேன், அக்கா பின்னாலயே நின்னு, நெசமாவே என்ன செய்யுதுன்னு ஒரு பேச்சுக் குடுத்து நோட்டுல எழுதிக்கிடுவாவ. அக்கா, நமக்கு மூணு நாள்தான் இருக்கு, கதை கேக்க நேரமில்லன்னு நான் கத்துவேன்.

மூணாம் நாள் முப்புடாதி வீட்டுக்குப் போனோம். மேலத்தெரு முப்புடாதி, பீடி சுத்துத பொம்பளை, நாப்பத்தாறு வயசு, புருசன் கேரளாவுல. நமக்கு நல்லாத் தெரிஞ்சது. அஞ்சு மாசத்துல ஒன்பது தடவை வந்திருக்கு, ஒன்பதும் உடம்பு வலி. எனக்கு ஒரே சந்தோசம். ஏன்னா இது ஒண்ணுதான் யாருக்கும் துணைக்கு வராம, தனக்குன்னு தனியா வந்தது. ஒன்பது தடவையும் நீயேதானம்மா சொன்னேன்னேன். ஆமாய்யா, நாந்தான் சொன்னேன், உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லி வாங்கிப் போட்டுச்சு. இன்னா பாருங்க, அந்தத் தாள்தான். கோணல்மாணலா இருந்தாலும் எழுத்து தெளிவா இருக்குல்லா? மு, ப், பு.

போட்டுட்டு அது உள்ள போச்சு. அக்காவும் பின்னாலயே போனாவ. கதவைச் சாத்தியாச்சு. நான் வெளிய வேப்பமரத்தடியில நிக்கேன், நிக்கேன், வாரதாக் காணும். கால் மணி நேரம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. வெளிய வந்த அக்கா முகத்துல ரத்தம் இல்ல. நாளைக்கே இதை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும் மாடக்கண்ணுன்னாவ. மாரு மேல கட்டி. அஞ்சு மாசமா இருக்காம். புண்ணாகத் தொடங்கிட்டாம்.

என்ன அண்ணாச்சி, கையைக் காட்டுதிய? மெதுவாவா? நமக்குள்ளதானே பேசுதோம். முன்சீட்டுக்காரங்க திரும்பிப் பாத்தா பாத்துட்டுப் போறாவ, நல்ல விசயம் நாலு பேருக்குத் தெரியட்டும்.

எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. நெசம். நல்ல பொம்பளை, யாரு வம்புக்கும் போகாது. ஆனா நீங்க யோசிச்சுப் பாருங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? ஒன்பது தடவை வந்திருக்கு. சன்னல் முன்னால நின்னிருக்கு. என்னம்மா செய்யுதுன்னு ஒன்பது தடவையும் நான் கேட்டிருக்கேன். மெதுவாக் கூடக் கேக்கல, கண்ணாடியைத் தாண்டிக் கேக்கணும்னு நல்லாச் சத்தமாக் கேட்டிருக்கேன். பின்னால முப்பது நாப்பது பேரு நிக்கான், அது பாட்டுக்குப் பட்டுன்னு சொல்லிட்டா நானும் டிக் போட்டிருக்கமாட்டேன், டாக்டர்ட்ட அனுப்பியிருப்பேன். வாயில இருக்க முத்தா உதிர்ந்துரும்? இதைத்தான் நான் லிடியா டாக்டர்ட்டயும் சொன்னேன். அந்தம்மா என்னைப் பாத்தாவ பாருங்க ஒரு பார்வை! நாளைக்கு ஒரு நாள் நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க மாடக்கண்ணு, என்ன தெரியுதுன்னு வந்து சொல்லுங்கன்னாவ.

நின்னேனே. காலையில இருந்து பன்னெண்டு வரைக்கும் நின்னேன். போய்ச் சொன்னேன். மேடம், அந்தப் பக்கம் ஃபேன் காத்து வரலன்னு. அந்தம்மா தலையில கையை வச்சிட்டு உக்காந்துட்டாவ. நல்லதைச் சொன்னா ஏன்தான் இப்படி இருக்காவளோ. நானே சொந்தமா எலெக்ட்ரிசியனைக் கூப்பிட்டு ஃபேனைத் திருப்பி வச்சேன்.

மெமோவுக்கு விளக்கம் போச்சு. என் கையெழுத்துக் கட்டையும் சேத்து டாக்டரம்மாவே எழுதுனாவ. ஜில்லாவுல ஏத்துக்கிட்டாவ, வேலை தப்பிச்சுது. ஆனா அந்த விளக்கத்தைப் படிச்சுப் பாத்தேன், எனக்கு மனசு விட்டுப் போச்சு. 'நிலையத்தின் பதிவு முறையில் குறை இருந்தது, அதற்கு மருத்துவ அலுவலராகிய நான் பொறுப்பு'ன்னு எழுதியிருக்காவ. என் பேரே இல்ல! மூணு நாள் தெருத்தெருவா நாயா அலைஞ்சு கையெழுத்து வாங்குனவன் நான், ஒரு வரியில என் பேரைப் போடக் கூடாதா? எல்லாப் பேரையும் அவங்களே வாங்கிக்கிடணும். படிச்சவங்க புத்தி அது.

அன்னையில இருந்து புதுச் சட்டம். சன்னல்ல பேரு, வயசு, ஊரு மட்டும் கேக்கணும். என்ன செய்யுதுன்னு கேக்கக் கூடாது. அது உள்ள, கதவைச் சாத்திக்கிட்டு அக்கா கேப்பாவளாம். கதவைச் சாத்திக்கிட்டு! நாம என்ன பாம் வைக்கவா போறோம்? சரி, பொறுத்துக்கிட்டேன். ஆர் ஐம்பத்திரண்டைத் தொட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இப்பம் அக்கா நோட்டுல குதிங்கால் வலி, பித்தப்பைக் கல்லு, மூட்டுத் தேய்மானம், கருப்பை எறக்கம்னு ஆயிரம் எழுதுதாவ. எங்க ஊருக்கு இத்தனை சீக்கு எப்பம் வந்துச்சுன்னு தெரியல. முன்ன ஊரு நல்லாத்தான் இருந்துச்சு.

இப்பம் விசயத்துக்கு வாரேன். முப்புடாதிக்கு மதுரையில வச்சு ஆபரேசன் ஆச்சு. ஒரு பக்கம் எடுத்துட்டாவ. உசுருக்கு ஆபத்து இல்லன்னு சொல்லிட்டாவ. நான் வண்டிமறிச்சம்மனுக்கு ஒரு தேங்கா உடைச்சேன். பொறவு தை மாசம், ஒரு செவ்வாக்கிழமை, புண்ணுக்குக் கட்டுப் பிரிக்க வந்துச்சு. நல்ல கூட்டம். சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரிசையில நிக்கி. எனக்குப் பாத்த உடனே நெஞ்சு நெறஞ்சுட்டு அண்ணாச்சி. நம்ம முப்புடாதி, பொழைச்சு வந்துட்டு! எனக்குச் சட்டமாவது ஒண்ணாவது. எந்திரிச்சு நின்னு, கண்ணாடியைத் தட்டி, வாம்மா முப்புடாதி, ஒரு பக்கத்தை எடுத்துட்டாவன்னாவளே, இப்பம் எப்படி இருக்குன்னு கேட்டேன். அன்பாத்தான் கேட்டேன். செவ்வாக்கிழமைல்லா, ஹாலு பூராக் கேட்டுச்சு.

மாசமா இருந்த பிள்ளைகள், மாமியாருங்க, எல்லாரும் அதையே பாக்காவ. அது என்னைப் பாத்துச்சு. அப்படியே திரும்பி, வாசலைப் பாத்து நடந்து போயிருச்சு. சீட்டும் வாங்கல, கட்டும் பிரிக்கல. அக்காதான் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கட்டுப் பிரிச்சிட்டு வந்தாவ. அன்னையில இருந்து அது ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேங்கு. வருத்தப்பட்டுச்சோ, கூச்சப்பட்டுச்சோ. நம்ம கிட்ட என்ன கூச்சம்?

மறுநாள் காலையில போறேன், என் நாற்காலியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. நீங்க இனிமே மருந்து ஸ்டோர்ல இருங்க மாடக்கண்ணுங்காவ டாக்டர். இப்பம் அட்டைப்பெட்டி அடுக்குதேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு கிடையாது. பல்லிதான் இருக்கு. ராத்திரி படுத்தா அந்தப் பொம்பளை திரும்பி நடந்து போனதுதான் கண்ணுக்குள்ள நிக்கி, ஏன்னு இன்னும் எனக்குப் புரியல. நலம் விசாரிச்சது ஒரு குத்தமா? நல்லதுக்குக் காலம் இல்ல அண்ணாச்சி. சொல்லுங்க, கேட்டியள்ளா பூராவும், தப்பு யாரு மேல?

சரி, யோசிச்சுச் சொல்லுங்க. இப்பம் கண்டக்டர்ட்ட என்ன கேட்டிய? பெரியாஸ்பத்திரிக்கு எந்தப் பஸ்ஸுன்னா? அட, ஆஸ்பத்திரிக்கா போறிய? முன்னாலயே சொல்லக் கூடாதா, நான் டிபார்ட்மென்ட்டு ஆளுல்லா! யாரையும் பாக்கப் போறியளா? உங்களுக்கேதானா? ஐயையோ, என்ன செய்யுது? என்னது? கேக்கல. பாட்டை அலற விட்டுருக்கான் பாருங்க. ஏ டிரைவரு தம்பி, அந்தப் பாட்டைச் செத்த நிறுத்துப்பா, இங்கன அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியலையாம்! ஆங், நிறுத்திட்டான். இப்பம் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாவ, நல்லாச் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, என்ன செய்யுது?

உடம்பு வலியா? அட, அவ்வளவுதானா! இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திய?